பல் பட்ட குதிரை

“வாயத் தொற! தொறடின்றேன்!”

மாரியப்பன் இப்படி மிரட்டிக்கொண்டிருந்தது, ஒரு வயது நிறைய இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கியிருந்த தன் மகளை. அங்கம்மா வாயைத் திறக்கவில்லை. வாய்க்குள் குதிரை இருந்தது.

முழுக் குதிரை இல்லை, தலை மட்டும். ஒரு சாண் உயர மரக்குதிரை. மிளகாய்ப் பழச் சிவப்பு. காது இரண்டும் உள்ளே போயிருந்தன, வால் வெளியே இருந்தது. மாரியப்பன் வாலைப் பிடித்து இழுத்தான். குதிரையோடு மகளும் சேர்ந்து வந்தாள்.

“இன்னாயா இது, தூண்டில்ல மாட்ன மீனாட்டம் இஸ்த்துகினு கீறே!” என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் புஷ்பவல்லி.

“விசத்தத் துன்னுகினு கீறாடி ஒன் பொண்ணு! நீ உள்ள குந்திகினு கொயம்பு கொதிக்க வெச்சுகினு கீறே!”

“அது குதிரையா.”

“குதிரை இல்ல, விசம். குதிரை மாதிரி வேசம் போட்டுகினு வந்துகீது.”

இந்த இடத்தில் குதிரை வெளியே வந்தது. மாரியப்பன் அதைச் சன்னல் வழியாக விட்டெறிந்தான். அது பக்கத்து வீட்டு வாசலில், குப்பம்மா பாயில் பரப்பி வைத்திருந்த கருவாட்டின் நடுவே போய் விழுந்தது. காக்கைகள் பறந்தன.

“எவண்டா அது, மானத்துலேந்து குதிரை வுடறவன்?” என்று குப்பம்மாவின் குரல் வந்தது. “மாரியா? ஒன்க்குக் கோவம் வந்தா ஒன் வூட்டுல பானை கீதே, அத்தப் போட்டு ஒடை. என் கருவாடு இன்னாடா பண்ச்சு?”

ராயபுரத்தில் அந்தச் சந்திலிருந்த பதினாறு வீட்டிலும் மாரியப்பனின் கோபம் பிரசித்தம். ஒரு தடவை மழை வராததற்கு கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டவன். ஆனால் இந்தத் தடவை அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

அவன் துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். துரு சுரண்டும் கூட்டத்தில் பல வருடம் இருந்துவிட்டு, இந்தப் பொங்கலுக்குத்தான் பெயிண்டு அடிக்கும் கூட்டத்துக்கு உயர்ந்திருந்தான். கப்பலின் அடிவயிற்றுக்குச் சிவப்புச் சாயம் அடிப்பது அவன் உத்தியோகம். அங்கே ஒரு குழாய். குழாய்க்கு மேல் பித்தளைச் சட்டம் போட்ட ஓர் இங்கிலீஷ் அறிவிப்பு. வெள்ளைக்காரன் போய் ஏழு வருடம் ஆகியும் அறிவிப்பு போகவில்லை. குழாயில் தண்ணீர் வந்ததை மட்டும் உயிரோடிருப்பவர் யாரும் பார்த்ததில்லை.

அன்று காலை, கம்பெனி மருந்தறையில் கம்பவுண்டராக இருந்த ஜார்ஜ், வேறு வேலை இல்லாததால் அந்த அறிவிப்பைத் தமிழில் படித்துக் காட்டினார்.

“இந்தச் சிவப்புச் சாயத்துல ஈயம் கீது. ஈயம் விசம். இத்தத் தொட்ட கைய சோப்பு போட்டு கழுவாம யாரும் எதையும் துன்னக்கூடாது. கொஞ்சங் கொஞ்சமா உள்ள போனா வவுத்து வலி, சோகை, அப்பறம் புத்தி மந்தம். சின்னப் புள்ளைங்களுக்கு ரொம்பக் கெடுதி.”

கூட்டம் சிரித்தது. சோப்பு என்றதும் இன்னும் சிரித்தது. “புத்தி மந்தம்னா இன்னா டாக்டரே, மேஸ்திரி மாதிரியா?” என்று ஒருவன் கேட்டான்.

மாரியப்பன் சிரிக்கவில்லை. சிவப்பு, விஷம், சின்னப் பிள்ளை என்ற மூன்றும் அவன் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. அதற்குமேல் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தபின் அவனுக்குக் காது கேட்காது.

அங்கம்மாவுக்கு வயிறு சரியில்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. காலை மடக்கிக்கொண்டு வீரிட்டு அழுகிறாள். வெளிக்குப் போவதில்லை. கன்னம் வெளுத்துவிட்டது. ஓமத் தண்ணீர் கொடுத்தாயிற்று, திருஷ்டி கழித்தாயிற்று, பள்ளிவாசலில் ஓதி ஊதியும் வாங்கியாயிற்று. எப்போது தொடங்கியது? பொங்கலுக்குப் பிறகு. குதிரை எப்போது வந்தது? பொங்கலுக்கு. குதிரை என்ன நிறம்?

“பட்டப் பகலுல பச்சப் புள்ளைக்கு வெசம் விக்கிறானுங்கடி!” என்று முடித்தான் மாரியப்பன்.

புஷ்பவல்லிக்கும் இப்போது முகம் மாறியது. “எனுக்கு இன்னாயா தெரியும்? பக்ருதீன் பாய் கடையில வாங்கியாந்தேன். மினுக்குனு இருந்துச்சு.”

“மினுக்குனு இருந்தா வாங்கிடுவியா? பாம்புகூடத்தான் மினுக்குது!”

அங்கம்மா குதிரை போன திசையைப் பார்த்து அழத் தொடங்கினாள். சட்டி உருட்டினார்கள். கரண்டி தட்டினார்கள். நிற்கவில்லை. கடைசியில் மாரியப்பன் அவளை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். அவள் அவனுடைய வலது கட்டைவிரலைத் தேடிப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். அழுகை நின்றது.

“அப்பன் வெரல் கெடைச்சா போதும், சீமாட்டிக்கு,” என்றாள் புஷ்பவல்லி.

“பின்னே?” என்றான் மாரியப்பன். அன்றைக்கு முதல் தடவையாக அவன் கோபம் இல்லாமல் பேசிய வார்த்தை அதுதான்.

கல்மண்டபம் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் பக்ருதீன் பாயின் பொம்மைக் கடை. கடை என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளே ஒரு மரக் கடைசல் பட்டறை, வெளியே ஒரு பலகை, பலகைமேல் குதிரை, கிளி, பம்பரம், நடைவண்டி. பாய் சின்ன உருவம். கடைசல் தூள் தாடியெல்லாம் ஒட்டியிருக்கும்.

“பாய்! இந்தச் செவப்பு எங்கேந்து வந்துச்சு?”

“வா நைனா, குந்து. அது அரக்கு.”

“டபாய்க்காதே.”

“நெசமாத்தான். மரம் சுத்தச் சொல்லோ அரக்குக் குச்சிய அழுத்திப் புடிச்சா அந்தச் சூட்டுல அப்டியே புடிச்சுக்கும். மஞ்சக் கலருக்கு மஞ்சளு, பச்சைக்கு அதுகூட அவுரி. வேற ஒண்ணியும் இல்ல.”

“அரக்கு இப்டி மினுக்குமா? நான் கப்பலுக்கு பெயிண்டு அடிக்கிறவன். மினுக்குன்னா இன்னான்னு எனுக்குத் தெரியும்.”

“தாழ மடல் வெச்சுத் தேய்ச்சா மினுக்கும் நைனா.”

மாரியப்பன் ஒரு குதிரையை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தான். வயிற்றில் நான்கு சிறு பள்ளங்கள் இருந்தன. இன்னொன்றை எடுத்தான். அதிலும் நான்கு. கிளியிலும் நான்கு.

“இது இன்னா?”

பக்ருதீன் கொஞ்சம் வெட்கப்பட்டார். “அது என் கடைசிப் பொண்ணு சாபிரா பல்லு. மேல ரெண்டு, கீய ரெண்டு, மொத்தம் நாலுதான் மொளைச்சுகீது. அது கடிச்சுப் பாக்காம ஒரு பொம்மையும் பலகைக்கு வராது. கலர் வுட்டா வாயே சொல்லிடும்ல?”

தன் சரக்கைத் தன் பிள்ளை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு விற்கும் வியாபாரி சென்னைப் பட்டணத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். மாரியப்பனிடம் அந்த ஒரு நிமிடம் இல்லை.

“எச்சப் பொம்மைய வேற விக்கிறியா!” என்று கத்தினான்.

நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி, பேரனுக்கு எடுத்து வைத்திருந்த நடைவண்டியை மெதுவாகப் பலகையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

குதிரை போய்விட்டது. ஆனால் குழந்தைக்கு விளையாட ஏதாவது வேண்டும். ‘சாயமே அடிக்காத பொம்மை’ என்று முடிவு செய்து, மாரியப்பன் மூர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு ஜப்பான் பொம்மை வாங்கி வந்தான். சினிமாப் பிலிம் செய்கிற செல்லுலாய்டில் செய்த, கன்னம் உப்பிய வெள்ளைக்காரக் குழந்தை. தொட்டால் டப்பா மாதிரிச் சத்தம் வரும்.

“இத்தப் பாரு. நெறம் மேலப் பூசல, உள்ளயே கீது. கொயந்த நக்குனாலும் வராது, கடிச்சாலும் வராது.”

நக்கினாலும் கடித்தாலும் வரவில்லை என்பது உண்மை. அன்று விளக்கு வைத்த வேளையில் அங்கம்மா பொம்மையை வீசினாள். அது உருண்டு சிம்னி விளக்கின்மேல் சாய்ந்தது. மாரியப்பன் திரும்பிப் பார்ப்பதற்குள் பொம்மை இல்லை. அடுத்தபடி கோரைப்பாய் இல்லை. அதற்கடுத்தபடி கூரையில் ஒரு முழம் இல்லை. குப்பம்மா மீன் கழுவி வைத்திருந்த அண்டாத் தண்ணீரை அப்படியே தூக்கிவந்து கவிழ்த்தாள். நெருப்பு அணைந்தது. வீடு மூன்று நாள் வஞ்சிரம் நாறியது.

“எங்கடா வாங்கினே அந்த வெடிகுண்ட?” என்றாள் குப்பம்மா.

“எல்லாம் அந்த பாயாலதான்!”

“பாய் எங்கடா வந்தாரு இதுல?”

“அவன் நல்ல குதிரையா வித்திருந்தா நான் ஏன் ஜப்பான் பொம்மைய வாங்கப் போறேன்?”

குப்பம்மா காலி அண்டாவை எடுத்துக்கொண்டு போனாள். மீன் விற்கிறவளுக்கு எந்தப் பேச்சில் மேற்கொண்டு வாயைக் கொடுக்கக் கூடாது என்று தெரியும்.

இனிமேல் யாரையும் நம்புவதில்லை, தானே செய்துவிடுவது என்று மாரியப்பன் தீர்மானித்தான். இரண்டு கொட்டாங்கச்சி, உள்ளே புளியங்கொட்டை, சுற்றி வலை நூல் கட்டு. குலுக்கினால் கிலுகிலுவென்றது. சாயம் இல்லை, எண்ணெய் இல்லை, சீமைச் சரக்கு இல்லை.

இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் நூல் நெகிழ்ந்தது. புஷ்பவல்லி பார்க்கும்போது கொட்டாங்கச்சி தனித்தனியாகக் கிடந்தது, புளியங்கொட்டை நான்கு கிடந்தது.

“யோவ்! எத்தினி கொட்ட போட்டே உள்ள?”

“அஞ்சு.”

“நல்லா நெனப்பு கீதா?”

“அஞ்சுடி! நான் இன்னா புத்தி மந்தமா?”

அதற்கப்புறம் சந்து முழுவதற்கும் வேறு பேச்சு இல்லை. பால்காரர் கேட்டார், “வந்துச்சா?” தபால்காரர் கடிதம் இல்லாவிட்டாலும் வாசலில் நின்று கேட்டார், “வந்துச்சா?” குப்பம்மா ஒரு மணிக்கு ஒரு தரம் சுவருக்கு மேலாகக் கேட்டாள். ஏற்கெனவே வயிறு கட்டிக்கிடந்த குழந்தை. விளக்கெண்ணெய் கொடுத்து, வெற்றிலைக் காம்பு வைத்து, நான்காம் நாள் பகல் பதினோரு மணிக்கு அது வந்தது. புஷ்பவல்லி அழுதுவிட்டாள். குப்பம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தாள்.

மாரியப்பன் வேலைவிட்டு வந்து கேட்டதும், “இதுக்கும் அந்த பாய்தான் பதில் சொல்லணும்,” என்றான்.

“இன்னொரு பொம்ம செஞ்சே, நான் கொயந்தயத் தூக்கிகினு எங்காத்தா வூட்டுக்குப் பூடுவேன்,” என்றாள் புஷ்பவல்லி. “ஒன் கோவத்துக்கு ஒரு பொம்ம பண்ணிக் குடு, மொதல்ல.”

ஆகவே வீட்டில் பொம்மை என்று எதுவுமே இல்லாமல் போயிற்று. அங்கம்மா நாள் முழுக்க அழுதாள். மாரியப்பன் வந்ததும் அவன் கட்டைவிரலைப் பிடித்தால் தூங்கும்வரை விடமாட்டாள். மாரியப்பன் சாப்பிடும்போதுகூட இடது மடியில் படுத்துக்கொண்டு வலது கைக்குத் தாவுவாள். இவன் இடது கையால் சாப்பிட முடியாமல், புஷ்பவல்லி ஊட்டிவிட வேண்டியிருந்தது.

“பாத்தியாடி? இதுக்கு மிஞ்சின பொம்ம எந்தக் கடையில கீது?”

“பொம்மதான் எல்லாம் பூட்டுதேயா. பின்ன இன்னும் ஏன் கொயந்தைக்கு வவுத்து வலி நிக்கல?” என்றாள் அவள். “மின்னக்காட்டி இப்பத்தான் அதிகமா கீது. கண்ணப் பாரு, பால் மாதிரி வெளுத்துகீது.”

மாரியப்பன் பார்த்தான். அடிவயிற்றில் என்னவோ பிசைந்தது. அவனுக்கும் சில நாளாக வயிற்றுவலி உண்டு. அதற்குப் புஷ்பவல்லியின் குழம்பு காரணம் என்று தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தான். இது அந்த வலி இல்லை. பயம். பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியாது. அதனால் வழக்கம்போல் அதைக் கோபமாக மாற்றிக்கொண்டான்.

“குதிரையோட வெசம் இன்னும் ஒடம்புக்குள்ள கீதுடி! அந்தாள சும்மா வுடமாட்டேன்!”

மறுநாளிலிருந்து, வேலை முடிந்ததும் நேரே பக்ருதீன் கடைக்கு எதிரே வந்து நின்றான். யாராவது பலகைப் பக்கம் குனிந்தால், “அம்மா, வாணாம்மா. என் கொயந்த சாவக் கெடக்குது இதால,” என்பான். அவன் பொய் சொல்லவில்லை. நம்பியதைச் சொன்னான். அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள். முதலில் குதிரை நின்றது, பிறகு கிளி, பிறகு சாயமே இல்லாத பம்பரம்கூட விற்கவில்லை. பக்ருதீன் ஒரு நாள் கடையிலிருந்து இறங்கி வந்தார்.

“நைனா, ஒன் பொண்ணு நல்லாவணும்னு நானும் துவா பண்றேன். ஆனா என் வூட்லயும் அஞ்சு வாயி கீது. மாசி மகத்துக்கு திருவொத்தியூர்ல கடை போட்டாத்தான் எங்களுக்கு வருசம் ஓடும். அங்கயும் வந்து நிக்காதே.”

“அங்கதான் நிப்பேன். ஊரு முச்சூடும் கூடச் சொல்லோ, ஒன் பொம்மைய வெசம்னு ருசுப் பண்ணிக் காட்றேன்.”

“மூஞ்சி கறுத்துப் போற மாதிரி ஒரு பொய்யச் சொல்றியே!” என்றார் பக்ருதீன். அவருக்குத் தெரிந்த அதிகபட்ச வசவு அதுதான்.

ருசு எப்படிப் பண்ணுவது? மாரியப்பன் ஜார்ஜிடம் போனான். ஜார்ஜ் மருந்தறை அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டு, மெழுகு வைத்து மூடிய ஒரு பெரிய கண்ணாடி பாட்டிலை எடுத்தார். புழுதியைத் துடைத்தார்.

“போன வருசம் சர்க்கார் டாக்டர் ஒருத்தர் கம்பெனியப் பாக்க வந்தாரே, அவரு குடுத்துட்டுப் போன தண்ணி. ஈயம் எங்க ஒட்டிகினு இருந்தாலும் இது பட்டா கறுத்துடும். கம்பெனிக்காரங்க மூடியக்கூட தொறக்கல.”

“எதுக்கு மாமு குடுத்தாரு?”

“அவரு சொன்னாரு. மானேஜர் ‘சரி சரி’ன்னாரு. அப்பறம் டீ வந்துச்சு.”

மாரியப்பன் மேற்கொண்டு கேட்கவில்லை. அவனுக்குப் பாட்டில் போதும்.

மாசி மகத்தன்று கம்பெனி அரை நாள். மாரியப்பன் மணியடிக்கும்வரை ஒரு பெரிய கப்பலின் அடியில் படுத்துச் சாயம் அடித்தான். மணியடித்ததும் கெரசினில் நனைத்த பஞ்சினால் கையைத் துடைத்தான். துடைத்தால் சிவப்பு சுத்தமாகப் போய்விடும். நகக்கண்ணைத் தவிர எங்கும் தெரியாது. இந்தக் காரியத்தில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு. மற்றவர்கள் சிவப்புக் கையோடு வீட்டுக்குப் போவார்கள். இவன் கை கிளார்க்கு கை மாதிரி இருக்கும்.

துறைமுக வாசலில் புஷ்பவல்லி குழந்தையோடு நின்றாள். கூடவே குப்பம்மா.

“நீ எங்கக்கா வர்றே?”

“ருசுப் பாக்க,” என்றாள் குப்பம்மா. இடுப்பிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துக் காட்டினாள். “நீ எறிஞ்சியே குதிரை, பத்திரமா வெச்சுகீறேன். பாட்டில் தண்ணிய மொதல்ல இதுமேல ஊத்திப் பாக்க வாணாமா?”

பாட்டில் ஜார்ஜ் கையில் இருந்தது. எல்லாரும் பஸ் ஏறினார்கள். கூட்டம் நெரித்தது. அங்கம்மா அழ ஆரம்பித்ததும் மாரியப்பன் அவளை வாங்கிக்கொண்டான். தண்டையார்பேட்டை தாண்டி, காலடிப்பேட்டை தாண்டி, திருவொற்றியூர் தேரடி வரும்வரை அவள் அவன் வலது கட்டைவிரலை வாயிலிருந்து எடுக்கவில்லை. கரும்பை உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சிக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். மாரியப்பனும் கொஞ்சம் சிரித்தான்.

தெருவெல்லாம் கடை. வளையல், பொரி, ராட்டினம். பக்ருதீன் ஒரு சாக்கை விரித்துப் பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தார். மாரியப்பனைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஓட இடமில்லாதவர் எழுந்து நிற்கிற மாதிரி.

“எல்லாரும் வாங்க!” என்று கூவினான் மாரியப்பன். குழந்தையைப் புஷ்பவல்லியிடம் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினான். “இந்தாளு பொம்மையில வெசம் கீது. இதோ டாக்டரு. இதோ தண்ணி. ஈயம் இருந்தா கறுத்துப் பூடும். எல்லாரும் பாத்துகினே இருங்க!”

கூட்டம் ராட்டினத்தை விட்டுவிட்டு இங்கே வந்தது.

“கறுத்தா இந்தச் சாக்கோட கடல்ல கொட்டிடறேன்,” என்றார் பக்ருதீன். “கறுக்கலேன்னா?”

“கறுக்கலேன்னா எல்லாப் பொம்மையும் நானே கடிச்சுத் துன்றேன்!”

ஜார்ஜ் பாட்டிலைத் திறந்தார். அழுகிய முட்டை நாற்றம் வந்தது. முன்வரிசை பின்வரிசை ஆயிற்று. அவர் ஒரு குச்சியால் தொட்டு, குப்பம்மா நீட்டிய குதிரையின் நெற்றியில் ஒரு சொட்டு வைத்தார்.

எல்லாரும் பார்த்தார்கள். குதிரை சிவப்பாகவே இருந்தது.

“கொஞ்சம் நேரம் ஆவும்,” என்றான் மாரியப்பன்.

நேரம் ஆயிற்று. குதிரை சிவப்பாகவே இருந்தது. கிளியில் ஒரு சொட்டு. பச்சையாகவே இருந்தது. நடைவண்டிச் சக்கரத்தில் ஒரு சொட்டு. மஞ்சளாகவே இருந்தது. பக்ருதீன் கண்ணை மூடிக்கொண்டு எதையோ ஓதிக்கொண்டிருந்தவர், ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு இன்னொன்றையும் திறந்தார்.

“எந்தக் குதிரைலேந்து ஆரம்பிக்கறே அண்ணாத்தே?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். “பல்லு பத்திரம்!”

“தண்ணி கெட்டுப் போச்சு!” என்று மாரியப்பன் அலறினான். “ஒரு வருசமா பாட்டில்ல குந்திகினு இருந்தா கெட்டுப் பூடாதா? குச்சியால தொட்டா இன்னா தெரியும்? குடு மாமு இப்டி!”

“மாரி, வாணாம், மெதுவா...”

மாரியப்பன் பாட்டிலைப் பிடுங்கினான். ஜார்ஜ் விடவில்லை. இழுத்ததில் பாதி அவனுடைய இரண்டு கையிலும் கொட்டியது. மீதியை அவன் சாக்கின்மேல் அப்படியே கவிழ்த்தான். பொம்மைகளை இரண்டு கையாலும் பிசைந்து பிசைந்து புரட்டினான். குதிரைகள், கிளிகள், பம்பரங்கள் எல்லாம் நனைந்து, முன்பைவிடப் பளபளப்பாக வெயிலில் மின்னின. தாழை மடல் வேலை.

“கறு! கறுத்துத் தொல!” என்று அவன் கிளியைப் பார்த்துக் கத்தினான். “நீ கறுக்கலேன்னா என் கொயந்தைக்கு இன்னா வந்துச்சுன்னு எவங்கிட்டப் போய்க் கேப்பேன்?”

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கியது. புஷ்பவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் இடுப்பிலிருந்த அங்கம்மா அப்பனைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாள். பழக்க தோஷத்தில் மாரியப்பன் கையைத் தூக்கினான்.

கை கறுப்பாக இருந்தது.

அவன் பார்த்தான். உள்ளங்கை கறுப்பு. புறங்கை கறுப்பு. மணிக்கட்டு வரை தார்ப் பீப்பாயில் விட்டு எடுத்த மாதிரி. இடது கையும் அப்படியே. அவன் முகத்தில் மூன்று வாரமாக இல்லாத வெளிச்சம் வந்தது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினான்.

“பாருங்க! எல்லாரும் பாருங்க! நான் சொன்னேனா இல்லையா? கறுத்துச்சா இல்லையா? இவ்ளோ நேரம் இவன் பொம்மையத் தொட்டேன், அந்த வெசம் கையில ஒட்டிகினு கறுத்துப் போச்சு! இப்ப இன்னா சொல்றே பாய்?”

பக்ருதீன் குனிந்து பொம்மைகளைப் பார்த்தார், ஒன்றுகூடக் கறுக்கவில்லை. ஜார்ஜின் முகம் மாறிக்கொண்டு வந்தது. சர்க்கார் டாக்டர், டீ வருவதற்கு முன்னால் மானேஜரிடம் பெயிண்டுக்காரர்களின் கையைப் பற்றிச் சொன்னது அவருக்கு இப்போதுதான் முழுசாக ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

குப்பம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள் மாதிரி அவனுடைய வலது கையைப் பிடித்து இறக்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏண்டா மாரி, பத்து வெரல்ல ஒம்போது கறுத்துகீது. இந்தக் கட்டவெரலு மட்டும் பளிச்சுனு வெளுப்பா கீதே... இதுமேல இருந்தத யார்றா துன்னது?”